பிடரிக்குக் கண் இல்லை

வழுக்கை என்றால் முடியே இல்லாத தலை என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தலையில் இன்னும் எவ்வளவு முடி பாக்கியிருக்கிறது என்பது வழுக்கைக்காரருக்குத்தான் தெரியும். உச்சி பளபளத்தாலும், இரு காதுகளுக்கு மேலும் பிடரியிலும் லாடம்போல ஒரு பட்டை முடி நின்றுகொண்டேயிருக்கும். ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கையின் இயல்பு அது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடல் தயாரித்துக்கொள்ளும் இன்னொரு ஹார்மோன், நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்களைச் சிறுகச் சிறுகச் சுருக்கிவிடுகிறது. பக்கவாட்டிலும் பிடரியிலும் உள்ளவை அதற்கு அவ்வளவாக மசிவதில்லை. வழுக்கையின் படிகளை ஜேம்ஸ் ஹாமில்டன் 1951-இல் வகுத்தார். ஓ'டார் நார்வுட் 1975-இல் அதைத் திருத்தினார். தோல் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் அந்த வரிசையின் கடைசிப் படியான ஏழாவதிலும் இந்த லாடம் இருக்கிறது.

'இருப்பதையும் எடுத்துவிடலாம்' என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், அன்றிலிருந்து இந்தப் பட்டையோடுதான் அவருக்குப் பாடு. தலைமுடி ஒரு நாளைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. காலையில் மழித்த இடம் ராத்திரி தலையணையில் உரசும்போதே சொரசொரக்கும். மூன்றாம் நாள், பளபளக்கும் உச்சிக்குக் கீழே கரியால் கோடு இழுத்ததுபோல ஓரங்கள் கறுத்து நிற்கும். வாரம் இரண்டு மூன்று முறை சலூனுக்குப் போய்வர எல்லோருக்கும் முடியாது. எனவே வேலை வீட்டுக்கு வந்துசேர்கிறது.

வீட்டில் முதலில் கைக்கு வருவது சாதாரண ரேசர். முகத்துக்கு அது போதும், கண்ணாடி இருக்கிறது. தலையின் பின்பக்கத்தை ஒரு கண்ணாடியால் பார்க்க முடியாது. இரண்டு கண்ணாடி வைத்தாலோ கை இடமா வலமா என்று குழம்பிப்போகும். பிளேடை இரண்டாக உடைத்து அரைப் பிளேடைக் கத்தியில் மாட்டி மழிக்கும் சலூன்காரருக்குத் தலை முழுவதும் கண்முன்னே இருக்கிறது. தன் தலையைத் தானே மழிப்பவருக்குப் பாதித் தலை இருட்டு. போதாததற்கு, உச்சந்தலைத் தோலில் ரத்தக் குழாய்கள் அதிகம். சிறு கீறல்கூடத் துண்டு நனையும் அளவுக்கு ரத்தம் விடும். படிகாரக் கல்லோடு நிற்க வேண்டியதுதான். மின்சார ஷேவர் தலைக்கு ஏறியதன் காரணம் இதுதான். மழமழப்பில் அது ரேசரை வெல்லாது. பார்க்காமலே மழிக்கலாம் என்பதில் வெல்லும்.

ஷேவர் பிறந்தது தலைக்காக அல்ல, முகத்துக்காக. தண்ணீரும் நுரையும் இல்லாமல் சவரம் செய்ய வழி தேடிய அமெரிக்க ராணுவ அதிகாரி ஜேக்கப் ஷிக், தன் கருவியை 1931-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அலெக்சாண்டர் ஹோரோவிட்ஸ் சுழலும் வெட்டியைக் கொண்டு வடிவமைத்த ஒற்றைத் தலை ஷேவர் 1939-இல் வந்தது. ஜெர்மனியின் பிரான் நிறுவனம் 1950-இல் மெல்லிய உலோக வலை போர்த்திய ஷேவரை வெளியிட்டது. இன்று கடையில் கிடைக்கும் ஷேவர்கள் எல்லாம் இந்தப் பின்னிரண்டு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவையே: ஒன்று சுழல் ஷேவர், மற்றது வலை ஷேவர்.

வலை ஷேவரில், தாளைவிட மெல்லிய தகட்டில் நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கும். முடியின் நுனி துளைக்குள் நுழைந்ததும், தகட்டின் உட்புறத்தை உரசியபடி இடமும் வலமுமாக ஓடும் பிளேடு அதை நறுக்கிவிடும். சுழல் ஷேவரில் வட்ட மூடிகளில் கீற்றுக்கீற்றாகப் பிளவுகள். உள்ளே பிளேடு சுற்றும். இரண்டிலும் பிளேடு தோலைத் தொடுவதேயில்லை, நடுவே ஒரு தகடு காவல் இருக்கிறது. ரத்தம் வராததற்கும், ரேசர் அளவுக்கு ஒட்ட வெட்ட முடியாததற்கும் காரணம் இந்த ஒரே தகடுதான். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் அந்தச் சொற்ப மிச்சத்தையும் எடுத்துவிட நினைத்து ஷேவரைத் தோலில் அழுத்துகிறார்கள். அழுத்தினால் துளைகளின் வழியே தோல் உப்பி உள்ளே போகும், பிளேடு அதையும் சீவும். மறுநாள் தலையில் தெரியும் சிவப்புப் புள்ளிகள் பெரும்பாலும் கருவியின் குற்றமல்ல, கையின் குற்றம்.

தலைக்கு எது ஏற்றது? தலை எங்கும் வளைவு. வலை ஷேவரின் நேரான முகப்பு உருண்டையான பின்மண்டையில் ஒரு கோடு அகலத்துக்குத்தான் தோலைத் தொடும். காதுக்கு மேலே தட்டையான பகுதியிலும், கழுத்து முடியும் ஓரத்திலும் அது நேர்த்தியாக வேலை செய்யும். தினமும் தவறாமல் மழிப்பவருக்கும், சட்டென்று எரியும் தோல்காரருக்கும் அதுவே நல்லது. ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சமயத்தில் மூன்று நாளும் விட்டு மழிப்பவர் சுழல் ஷேவரைத்தான் எடுக்க வேண்டும். சற்றே நீண்டு பல திசைகளில் படுத்துக் கிடக்கும் முடியை வலைத் துளை எளிதில் விழுங்காது. சுழலின் பிளவுகள் விழுங்கும். உச்சிக்குச் சற்றுப் பின்னே இருக்கும் சுழியில் முடி வட்டமாகவே வளர்வதால், அங்கே வட்டமாக வெட்டும் கருவிக்கே வசதி.

தலைக்கென்றே இப்போது விற்கும் ஷேவர்களுக்கு நீண்ட கைப்பிடி கிடையாது. உள்ளங்கையில் எலுமிச்சம்பழம்போல அடங்கும் உடல், விரலிடுக்கில் பிடிக்க ஒரு கழுத்து, கீழே ஐந்து அல்லது ஏழு சுழல் தலைகள். இவற்றைத்தான் பெட்டியின்மேல் '5டி', '7டி' என்று அச்சிட்டு விற்கிறார்கள். பரிமாணக் கணக்கு எதுவும் அதில் இல்லை. தலைகளின் எண்ணிக்கையைத்தான் பெரும்பாலும் அப்படிப் பெயர் சூட்டி விற்கிறார்கள். தலை கூடினால் ஒரு முறை தடவும்போது படும் இடம் கூடும், வேலை சீக்கிரம் முடியும். மழமழப்பு அதனால் கூடிவிடாது. பார்க்க வேண்டியது, ஒவ்வொரு தலையும் தனித்தனியாக அமுங்கி எழுகிறதா என்பதை. விரலால் ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் உள்ளது அசையாமல் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே பலகையில் அறைந்ததுபோல இருந்தால் ஏழு இருந்தும் பயனில்லை. பின்மண்டை வளைவில் இரண்டுதான் தோலைத் தொடும்.

கடையில் வாங்குபவர் ஒன்று செய்யலாம். கருவியை ஓடவிடாமலே கையில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பிடரிக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். மணிக்கட்டு மடங்காமல் காதுக்குப் பின்னால் போகிறதா, முழங்கை தோளுக்கு மேலே ஏறுகிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். முகத்துக்கான ஷேவரை நெற்றியில் வைக்கும்போது தெரியாத அசௌகரியம் பிடரியில் தெரியும். கடைக்காரர் சிரிக்கலாம், தினமும் பத்து நிமிடம் கையைத் தூக்கி நிற்கப்போவது அவரல்ல.

மற்றவை சில்லறை விஷயங்கள். மின்கலம் லித்தியம் அயனாக இருக்கட்டும். முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்ற பழைய பாடம் நிக்கல் காட்மியம் மின்கலத்தோடு போய்விட்டது. குழாயடியில் கழுவ முடிவது அவசியம். பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். நிமிடத்துக்கு இத்தனை ஆயிரம் சுற்று என்ற பெருமையை நம்பி வாங்க வேண்டியதில்லை. தாடி முடியைவிடத் தலைமுடி பொதுவாக மெல்லியது. தலைக்குத் தேவை மோட்டாரின் முரட்டுத்தனம் அல்ல.

முதல் நாள் வேலையே வேறு. சில மில்லிமீட்டர் நீளமுள்ள முடியின் மேல் ஷேவரை வைத்தால் அது வெட்டாது, பிடித்து இழுக்கும். கண்ணில் நீர் வரும். முதலில் டிரிம்மரைச் சீப்பு மாட்டாமல் ஓட்டி, சலூனில் 'ஜீரோ மிஷின்' என்று சொல்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஷேவரை எடுக்க வேண்டும்.

மழிப்பது உலர்ந்த தோலில் என்றால் உண்மையிலேயே உலர்ந்திருக்க வேண்டும். கரையோர ஊர்களின் மே மாதப் புழுக்கத்தில் தலை பிசுபிசுத்து, ஷேவர் வழுக்காமல் ஒட்டி ஒட்டி நகரும். மின்விசிறிக்கு அடியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கொஞ்சம் டால்கம் பவுடர் தடவிக்கொண்டால் தீர்ந்தது. ஈரத்திலும் ஓடும் கருவியாக இருந்தால் குளியலின் நடுவே நுரை போட்டும் மழிக்கலாம். அரை ஈரம் மட்டும் கூடாது.

சுழல் ஷேவரைச் சின்னச் சின்ன வட்டங்களாகவும், வலை ஷேவரை முடி வளரும் திசைக்கு எதிராக நேர்கோட்டிலும் நகர்த்த வேண்டும். ஒரு கை மழிக்கும்போது மற்றக் கை சும்மா இருக்கக் கூடாது. அதன் விரல்கள் ஷேவரின் பின்னாலேயே தடவிக்கொண்டு போக வேண்டும். எங்கே சொரசொரப்பு, அங்கே முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை விரல்நுனி சொல்லும் அளவுக்குக் கண்ணாடி சொல்லாது. பழகியவர்கள் கண்ணாடியே இல்லாமல், செய்தித்தாளில் தலைப்புகளைப் படித்தபடி மழித்து முடித்துவிடுவார்கள். தப்பும் இடங்கள் எப்போதும் மூன்று: காது மடலுக்குப் பின்னே உள்ள மடிப்பு, பின்மண்டை கழுத்தோடு சேரும் பள்ளம், சுழி. காதை முன்பக்கமாக மடித்துப் பிடித்து, தோலை இழுத்துவைத்தால் முதல் இடம் வசப்படும். தலையை முன்னே சாய்த்தால் பள்ளம் நிமிர்ந்துவிடும். சுழிக்கு எல்லாத் திசையிலும் ஒரு சுற்று.

ரேசரிலிருந்து மாறுபவருக்கு முதல் இரண்டு மூன்று வாரங்கள் சலிப்பாகவே இருக்கும். அங்கங்கே சிவக்கும், மழமழப்பும் போதாது. தோல் பழகக் கொஞ்சம் காலம் வேண்டும். அதற்குள் கருவியைப் பழித்து மூலையில் போடுபவர்களே அதிகம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்ப்பவர்களுக்குத்தான் பருப்பருவாகக் கிளம்பும். சுருட்டை முடிக்காரருக்கு ஒட்ட வெட்டுவதே ஆபத்து. வெட்டுப்பட்ட நுனி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கட்டியாகும். அவருக்கு ஷேவர் விட்டுவைக்கும் அந்த மயிரிழை மிச்சம் குறையல்ல, பாதுகாப்பு.

அடிக்கடி மழித்தால் முடி அடர்ந்து வளரும் என்று நம்பி ஷேவர் வாங்குபவர்களும் உண்டு. குழந்தைக்கு மொட்டை போட்டால் முடி கருகருவென்று வரும் என்று வீட்டுக்கு வீடு சொல்வதன் நீட்சி இது. அமெரிக்க உடற்கூறு அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர், மழிப்பதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று 1928-லேயே ஆராய்ந்து காட்டிவிட்டார். இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூர்ந்திருக்கும், வெட்டியதன் நுனி மொட்டையாக இருக்கும். தடவும்போது தடித்ததுபோலத் தோன்றுவது அதனால்தான்.

மழித்த தலைக்குக் குளிர்ச்சி வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. பழனியிலும் திருப்பதியிலும் மொட்டை போட்ட கையோடு சந்தனம் பூசிக்கொள்கிறார்கள். வீட்டில் வாசனை இல்லாத ஏதாவது ஒரு களிம்பு போதும். ஆல்கஹால் கலந்த லோஷன் காந்தும். வெளியே போகிறவர் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை உச்சியில் தடவிக்கொள்ள வேண்டும். குடையாக இருந்த முடி போய்விட்டது. இருசக்கர வாகனத்தில் போகிறவர் ஹெல்மெட்டின் உள்துணியை அடிக்கடி துவைக்க வேண்டும். முடி இருந்தவரை அது உறிஞ்சிய வியர்வை இப்போது நேராகத் துணியில் இறங்குகிறது.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரேசரைவிட ஷேவரே நல்லது என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். மச்சம், மரு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தைச் சுற்றிப்போக வேண்டும். படர்தாமரை இருந்தால் ஆறும்வரை மழிக்கவே வேண்டாம். அண்ணன் தம்பியே ஆனாலும் ஒரே ஷேவரை இரண்டு பேர் பயன்படுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி வழியே ஹெபடைடிஸ் பி தொற்ற முடியும்.

கருவி கெடுவதற்கு முதல் காரணம் கழுவாமை. ஷேவருக்குள் சேர்வது முடித் தூள் மட்டுமல்ல, அதோடு செத்த தோலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து நாலு நாளில் களிபோல அப்பிக்கொள்ளும், நாறும். ஒவ்வொரு முறையும் தலைப்பகுதியைத் திறந்து குழாயில் காட்டி, திறந்தபடியே காயவிட வேண்டும். வலையைத் தூரிகையால் தேய்த்தால் கிழியும். அவ்வப்போது தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். சுழல் ஷேவரை முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்பவர், எந்த மூடிக்குள் எந்த வெட்டி இருந்ததோ அதை அதிலேயே திரும்ப வைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒன்றோடொன்று உரசி இணைந்துபோன ஜோடிகள் அவை. மாற்றிப் போட்டால் வெட்டாது, இழுக்கும். நன்றாக ஓடிய ஷேவர் கழுவிய மறுநாள் திடீரென்று கடிக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

எவ்வளவு பேணினாலும் ஒன்று இரண்டு ஆண்டுகளில் வெட்டும் பகுதி மழுங்கிவிடும். மோட்டாரும் மின்கலமும் அதற்குப் பிறகும் ஓடும். மலிவாகக் கிடைக்கும் பல ஷேவர்களுக்கு மாற்றுத் தலை எங்குமே கிடைப்பதில்லை. ஓடுகிற மோட்டாரோடு முழுக் கருவியும் குப்பைக்குப் போகிறது. எந்த ஷேவரையும் விலை கேட்பதற்கு முன்னால், அதன் மாற்றுத் தலை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லை என்றால் வாங்க வேண்டாம்.