இரண்டரை மணித்தியாலம் எங்கே போனது?

மகளின் முதற் பேறுகாலத்துக்காகப் போன வருடம் கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டேன். டிக்கெட்டில் புறப்படுவது காலை 7.30, சாங்கியில் இறங்குவது பகல் 2.00 என்றிருந்தது. ஆறரை மணித்தியாலமா! நானோ சீனி வருத்தக்காரி. நேரத்துக்குக் குளிசை போடாவிட்டால் தலை சுற்றும்.

"அம்மா, பறக்கிறது நாலு மணித்தியாலந்தான். இங்க நேரம் இரண்டரை மணித்தியாலம் முந்தி" என்று மகள் போனில் சிரித்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவர்தான் கணக்குப் போட்டார்: தூரம் சுமார் 2,700 கிலோமீற்றர், மணிக்கு 800 என்றாலும் மூன்றரைக்குள், ஏற, இறங்க மிச்சம். டொக்டரும் அன்றைய குளிசை நேரங்களைக் கொழும்பு நேரப்படியே எழுதித் தந்தார்.

நல்லதாய்ப் போயிற்று. இறங்கியதும் மருமகன், "மாமி, இரண்டு மணியாச்சு, மத்தியானக் குளிசை போட்டாச்சோ?" என்றார். என் கைமணிக்கூட்டில் 11.30! காலைக் குளிசை போட்டு ஐந்து மணித்தியாலந்தான் ஆகியிருந்தது. டொக்டரின் துண்டைக் காட்டினேன்.

திரும்பும்போது வேடிக்கை. இரவு 10.00க்கு ஏறி 11.30க்கு இறங்கினேன், அதே நாலு மணித்தியாலம் இருந்துவிட்டு! வீட்டுக்கு வந்தும் ஒரு கிழமை கைமணிக்கூட்டைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டிருந்தேன். பேரன் பால் குடிக்கும் நேரம் அதில்தானே தெரியும்!