கடலுக்கு மூன்று மணி நேரம்

பெங்களூரிலிருந்து கிளம்பி, கடலைப் பார்த்துவிட்டு, அன்றிரவே வீட்டுக்கு வந்து படுக்க முடியுமா? ரயில்வே கால அட்டவணையின்படி முடியும். 1964-ல் ஓடத் தொடங்கிய பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் சென்னைக்காரர்களின் வசதிக்கு ஏற்ற வண்டி. காலையில் அங்கே புறப்படும், மதியம் பெங்களூர் வரும், இரவு மறுபடி சென்னையில் இருக்கும். பெங்களூர்க்காரர்களுக்கு இதே சௌகரியம் 1992-ல் லால்பாக் எக்ஸ்பிரஸ் வந்த பிறகுதான் கிடைத்தது. காலை 6.20 வாக்கில் புறப்பட்டால் பகல் 12.15 வாக்கில் சென்னை சென்ட்ரல். அதே வண்டி பிற்பகல் 3.30 மணிக்குத் திரும்பிவிடும். போக 360 கிலோமீட்டர், வர 360 கிலோமீட்டர். நடுவில் கடலுக்குக் கிடைப்பது மூன்றேகால் மணி நேரம்.

சதாப்தியில் போனால் இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும், ஆனால் கட்டணம் பல மடங்கு. 2022 நவம்பரில் தென்னிந்தியாவுக்கு முதன்முதலாக வந்த வந்தே பாரத்தும் காலையில் சென்னையிலிருந்துதான் கிளம்புகிறது. கர்நாடகத்துக்குச் சொந்தமாகவே 300 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மங்களூருக்குப் போகும் சக்லேஷ்பூர் மலைப்பாதையை அகலப் பாதையாக்க 1996-ல் மூடினார்கள். அதில் பயணிகள் ரயில் மறுபடி ஓட 2007 டிசம்பர் ஆயிற்று. இன்றும் காலையில் ஏறினால் மங்களூரில் இறங்கும்போது பொழுது சாயத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு நாள் கடல் என்றால் பெங்களூர் நடுத்தரக் குடும்பங்களுக்கு மெரினாதான்.

ஸ்ரீராமபுரத்தில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்த மூன்றேகால் மணி நேரத்துக்காகக் கிளம்பியது. மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், 74 வயது ஆயா. பயணமே ஆயாவுக்காகத்தான். அவர் கடலைப் பார்த்ததில்லை. அவருடைய கணவரும் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தவர்.

கணவர் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. வட ஆற்காட்டிலிருந்து போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அதுவும் ஒன்று. அவர் வேலை செய்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. கையை வைத்தால் பாறை சுடும் ஆழம். தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கழித்துப் பார்த்தால், சுரங்கத்தின் அடி கடல் மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே. இறங்கி ஏறிய காலமெல்லாம், பொங்கல் லீவு வரும்போது "அடுத்த வருசம் மெட்ராசுக்குப் போவலாம்" என்பாராம். அதற்குள் கல்தூசி நுரையீரலை முடித்துவிட்டது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்களும் மூடப்பட்டன. மகன் வேலை தேடிப் பெங்களூருக்கு வந்தார். ஒரு தலைமுறைக்கே அதுதான் கதை. தங்கவயலில் வீடு, பெங்களூரில் வேலை என்று இன்றும் தினமும் ரயிலில் போய் வருகிறவர்கள் ஏராளம்.

வண்டியில் ஜன்னல் யாருக்கு என்று சண்டை வந்தது, கடைசியில் ஆயாவுக்குக் கிடைத்தது. ஸ்டேஷன்களில் நடைமேடை முடியும் இடத்தில் நிற்கும் மஞ்சள் பலகைகளின் கீழே, அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று சிறியதாக எழுதியிருக்கும். பத்து வயதுப் பேரன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். பெங்களூரில் 900-ஐ ஒட்டிய எண் ஜோலார்பேட்டையில் பாதிக்கும் கீழே. அதன் பிறகு ஒவ்வொரு பலகைக்கும் எட்டிப் பார்த்தான். சென்ட்ரலில் அது ஒற்றை இலக்கம்.

பலகைகளில் இன்னொரு மாற்றமும் நடந்தது. பங்காருபேட்டை வரை கன்னடம், பிள்ளைகள் கடகடவென்று வாசித்தார்கள். இந்தப் பாதை சிறிது தூரம் ஆந்திரத்துக்குள் போகிறது. குப்பத்தில் தெலுங்கு எழுத்தை, கன்னடத்தின் ஜாடை இருப்பதால், தட்டுத் தடுமாறிப் படித்தார்கள். அதைத் தாண்டியதும் தமிழ். அங்கே அவர்களுக்கு எழுத்து நின்றுபோயிற்று. தங்கவயல் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்த ஆயாதான் வாணியம்பாடி, ஆம்பூர், காட்பாடி என்று ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். பேத்திக்கு அதில் கொஞ்சம் ஆச்சரியம். வீட்டில் ஆயா எதையும் படித்துக் காட்ட வேண்டிய அவசியம் வந்ததில்லை.

சென்ட்ரலுக்கு வெளியே மாநகரப் பேருந்தில் ஏறியதும் ஆயா சுருக்குப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். கர்நாடகத்தில் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு பஸ் இலவசம், ஆனால் அந்த மாநிலத்தவர் என்று அட்டை காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் எந்தப் பெண்ணும் ஏறலாம். "உள்ள வையி பாட்டிம்மா, இங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார் கண்டக்டர். ஆயா வெகுநேரம் அட்டையைக் கையிலேயே வைத்திருந்தார்.

விவேகானந்தர் இல்லத்தின் அருகே இறங்கியபோது மணி 1.10. கடல் தெரிந்தது, ஆனால் தூரத்தில். மெரினாவின் இவ்வளவு அகன்ற மணல் ஆதியில் இருந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் எழுந்ததும், கரையோரமாக வடக்கே நகர்ந்து கொண்டிருந்த மணல் தெற்கிலேயே தேங்கிவிட்டது. அங்கே மெரினா வளர, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப் போய்ப் பாறாங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. உச்சிவெயிலில் அந்த மணலை ஒரு கிழவி கடப்பது எளிதல்ல. 2022 நவம்பரில், சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காக அங்கே 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்த, சரிசெய்தார்கள். ஆயா அதன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இரண்டு முறை நின்று, நடந்து முடித்தார்.

சினிமாவில் பார்த்த மெரினாவைத் தேடிவந்த பேரனுக்கு ஏமாற்றம். சுண்டலும் கூட்டமும் சாயங்காலச் சமாசாரம். அந்த நேரத்தில் பெரும்பாலான கடைகள் தார்ப்பாயால் மூடிக் கிடந்தன. மகன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை செல்போனில் மணி பார்த்துக் கொண்டிருந்தார். 2.20-க்காவது கிளம்ப வேண்டும்.

முதல் அலை வந்து காலை நனைத்தபோது ஆயா மருமகளின் தோளைப் பிடித்துக் கொண்டார். காலடி மணலைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதும், "இன்னாடி இது, தரையே நழுவுது" என்று சிரித்தார். பிறகு பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகனைக் கூப்பிட்டார்.

"உங்கப்பா எறங்கி வேலை செஞ்சது இதுக்கும் கீழயா?"

"ஆமாம்மா. ரொம்பக் கீழ."

"எவ்ளோ கீழ?"

மகன் யோசித்தார். "நாம பஸ் ஏறினோமே சென்ட்ரல், அங்கேர்ந்து இங்க வர்ற தூரத்துல பாதின்னு வையேன். அதை அப்படியே செங்குத்தா நிக்க வைச்சா..."

ஆயா திரும்பிச் சாலைப் பக்கம் பார்த்தார், மறுபடி கடலைப் பார்த்தார். குனிந்து இரண்டு கை நிறையத் தண்ணீரை அள்ளினார். அது விரலிடுக்கில் வடிந்து தீரும்வரை வைத்துக் கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கெல்லாம் சென்ட்ரலுக்கு வந்துவிட்டார்கள். வண்டி பெரம்பூரைத் தாண்டுவதற்குள் காலையில் கட்டிய புளிச்சோறு காலியானது. "அத்தை, அடுத்த தடவை சதாப்தியில போய்ட்டு வரலாம், வெயில் தாழ்ந்து கடலைப் பாக்கலாம்" என்றார் மருமகள். ஐந்து டிக்கெட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று மகன் கணக்குப் போட ஆரம்பித்தார்.

ஆயா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. செருப்பிலிருந்த மணலைத் தட்டாமல் அப்படியே பையில் போட்டு முடிச்சிட்டார். "பங்காருபேட்டை வந்தா எழுப்புங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கொண்டார்.