நான்கு மிஷின், ஒரே ஊசி

மூலக்கொத்தளத்தில் அந்த அக்காவின் வீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அந்த வீட்டுக்குள் நான்கு தையல் மிஷின்கள்.

"ஒண்ணு போதாதாம்மா? மிச்சத்தைக் காயலான் கடையில போட்டா ஒரு கட்டில் போடலாம்ல" என்று மகன் கேட்காத மாதமில்லை.

நான்குமே அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டவை. மூத்தது, மாமியாரின் சிங்கர் கை மிஷின். அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பக்கத்து வீட்டு காலேஜ் பெண் செல்போனில் தேடிப் பார்த்து, ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது என்றாள். அந்த ஆலை 1980-லேயே மூடப்பட்டுவிட்டது. மிஷின் இன்னும் ஓடுகிறது.

இரண்டாவது, கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த உஷா கால் மிஷின். 1930-களில் கொல்கத்தாவில் தொடங்கிய நம் நாட்டுத் தயாரிப்பு. மூன்றாவது, கணவர் இறந்த பிறகு, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசமாகக் கொடுத்தது. நான்காவது, மகன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த மோட்டார் மிஷின்.

நம்மூர் கறுப்பு மிஷின்கள் பெரும்பாலும் சிங்கரின் 15-ஆம் எண் மாடலை ஒட்டி வந்தவை. அதனால் வண்ணாரப்பேட்டையில் வாங்கும் ஒரே பாக்கெட் ஊசி இந்த நான்குக்கும் பொருந்தும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. மோட்டார் மிஷின் சும்மா கிடந்தது. கால் மிஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில் கிறிஸ்துமஸ் துணிகளைத் தைத்து முடித்தார் அக்கா. அதன் பிறகு மகன் சில மாதம் கட்டில் பேச்சையே எடுக்கவில்லை.

கீழ் வீட்டுப் பெண்ணைக் கணவர் விட்டுவிட்டுப் போனார். இரண்டு பிள்ளைகள். தினமும் மதியம் மேலே வந்து ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொண்டாள். கை பழகிவிட்டது, மிஷின் வாங்கத்தான் காசில்லை. எதைக் கொடுப்பது? கரன்ட் செலவு வைக்காத, நாள் முழுக்க மிதித்தாலும் தாங்குகிற உஷாதான் அவளுக்குச் சரி. ஆனால் அது அம்மா கொடுத்தது. அன்று ராத்திரி அக்காவுக்குத் தூக்கமில்லை.

காலையில் எண்ணெய் விட்டு, புது பெல்ட் மாட்டினார். மகனும் அவன் நண்பனும் மாடிப்படி வழியே இறக்கி வைத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: அதை சும்மா நிறுத்தி வைக்கக் கூடாது.

இப்போது வீட்டில் கட்டில் வந்துவிட்டது. மதியம் கீழேயிருந்து மிதிக்கிற சத்தம் கேட்டால்தான் அக்காவுக்குச் சோறு இறங்குகிறது.