எடை மெஷினை நம்பாதே

திருக்கழுக்குன்றம்

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று மாதம் நடந்தும் ஒரு கிலோகூடக் குறையவில்லை, அதனால் நடையை விட்டுவிட்டேன் என்று போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னைப் போல பார்டர் சுகர் உள்ளவர்களை வைத்தே சென்னையில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. ராயபுரத்தில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்தது, 2006இல் வெளியானது. மொத்தம் 531 பேர். சராசரி வயது 46, கிட்டத்தட்ட உன் வயது. அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விட்டுவிட்ட பிரிவில் மூன்று ஆண்டுக்குள் 100க்கு 55 பேருக்கு முழுச் சர்க்கரை நோயே வந்துவிட்டது. தினமும் அரைமணி நேரம் வேகநடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு என்று இருந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடந்தவர்களுக்கு எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை! அப்படியிருந்தும் நோய் தள்ளிப்போனது. படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது.

எடை ஏன் குறைவதில்லை என்பதற்கு நம் மலையையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பௌதிகம் நடத்திய கை சும்மா இருக்குமா? 60 கிலோ உடம்பை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலை 14 கலோரிதான். தசை செலவழிப்பதில் கால்வாசிதான் வேலையாக மாறுகிறது, மீதி சூடாகப் போய்விடுகிறது. வேதகிரீஸ்வரரைப் பார்க்கப் பாதி படி ஏறுவதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்வது அதனால்தான். ஆக, மூச்சு வாங்க ஏறியதற்கெல்லாம் சேர்த்து 60 கலோரி போல ஆகும். கீழே இறங்கி ஒரு இட்லி சாப்பிட்டால் அது திரும்பி வந்துவிடும்.

ஆனால் பலன் கலோரியில் இல்லை, தொடையிலும் கெண்டைக்காலிலும் இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது அதன் செல்லுக்குள் கிடக்கும் குளூட்-4 என்ற புரதம் மேற்பரப்புக்கு வந்து, இரத்தத்தில் ஓடும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உட்கார்ந்திருக்கும்போது இந்த வேலைக்கு இன்சுலின் வேண்டும். நடக்கும்போது இன்சுலின் தயவு இல்லாமலே இது நடக்கும். உன் உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை என்பதுதானே உன் பிரச்சினையே? ஒரு நல்ல நடைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் தசை அதன் பேச்சைக் கொஞ்சம் நன்றாகவே கேட்கும். அதற்குப் பிறகு பழைய கதைதான். அதனால் ஒருநாள் விட்டாலும் பரவாயில்லை, சேர்ந்தாற்போல இரண்டு நாள் விடாதே.

நம் ஆட்களுக்கு உடம்பு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், தசை குறைவாக இருக்கும். வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. எடை மெஷினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியாது. எடை குறைந்தால் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. குறையாததை வைத்து நடையே வீண் என்று முடிவு கட்டாதே என்றுதான் சொல்கிறேன்.

இங்கே உன் மாமா ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சங்கு தீர்த்தக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால், நடக்காத நாளைவிட எண் குறைவாகத்தான் வருகிறது. நீயும் ஒரு மெஷின் வாங்கி அப்படிப் பார். எடை காட்டாததை அது காட்டும்.

டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால் அதை நீயாக நிறுத்தாதே, அவரைக் கேட்டுச் செய். மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. பௌர்ணமிக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா, கிரிவலம் போகலாம். செருப்பில்லாமல் நடக்கவேண்டியிருக்கும், பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
அக்கா