விட்டில் பூச்சியிலிருந்து புனிதர் வரைக்கும்

ஜான் டன் (1572–1631) எழுதிய 'தி கேனனைசேஷன்' கவிதையை காலேஜ்ல படிச்சவங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். பூச்சி, மெழுகுவர்த்தி, கழுகு, புறா, ஃபீனிக்ஸ், கலசம், புனிதர்... 45 வரியில இத்தனை உருவகமா? மனுஷன் கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிப் போட்டுட்டாரோ?

எனக்கென்னவோ அப்படித் தோணலை. முக்கால்வாசி உருவகங்களைக் கோத்திருக்கிற நூல் ஒண்ணுதான். நெருப்பு!

முதல்ல பின்னணி. 1601 டிசம்பரில் ஆன் மோர் என்ற பெண்ணை டன் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனாருக்கு விஷயம் தெரிஞ்சதும் வேலை போச்சு. கொஞ்ச நாள் ஜெயில் வேற. கவிதையில ராஜா வருவதால், ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்த 1603-க்குப் பிறகு எழுதியிருப்பார் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

கவிதையில புத்தி சொல்ல வந்த ஒருத்தனைக் காதலன் வாயடைக்கிறான். பெருமூச்சு புயலாகும், கண்ணீர் வெள்ளமாகும் என்கிற பழைய காதல் சரக்கையெல்லாம் கேலி செய்துவிட்டு, சொந்தச் சரக்கை எடுத்து வைக்கிறான். நாங்க பூச்சியா? சரி, வெச்சுக்கோ. பூச்சி தேடிப் போய் விழுகிற மெழுகுவர்த்தியும் நாங்கதான். கழுகும் புறாவுமா இருக்கிற நாங்க சேர்ந்தா ஒரே ஃபீனிக்ஸ்.

ஃபீனிக்ஸ் எரிஞ்சா என்ன மிஞ்சும்? சாம்பல். அதை வைக்க ஒரு கலசம் வேணுமே, அடுத்த பத்தியில அது வந்துடுது. பெரிய கல்லறைக்கு இந்தச் சின்னக் கலசம் குறைச்சல் இல்லையாம். அந்தக் கலசம் கவிதையேதான். கடைசிப் படி, புனிதர் பட்டம். புனிதர்களோட எலும்பையும் சாம்பலையும்தானே கத்தோலிக்கர்கள் பத்திரப்படுத்துவாங்க?

இங்கேதான் துணிச்சல். அன்றைய இங்கிலாந்தில் புனிதர்களிடம் வேண்டுவதை அரசாங்கத் திருச்சபை ஒதுக்கி வைத்திருந்தது. டன் பிறந்ததோ கத்தோலிக்கக் குடும்பம். ஒரு பாதிரியாருக்கு இடம் கொடுத்ததற்காகப் பிடிபட்ட அவர் தம்பி ஹென்றி 1593-ல் சிறையிலேயே செத்துப்போனார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, காதலர்களையே புனிதர்களாக்கி உலகத்தையே அவங்ககிட்ட வேண்ட வைக்கிறார். உலகம் வெளியே தள்ளினதுக்கு இதைவிடப் பெரிய பதிலடி உண்டா சொல்லுங்க?

ஒரு கொசுறு: லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் டன்னுக்குச் சிலை இருக்கு. 1666 பெருந்தீயில் பழைய கோயில் எரிந்தும் தப்பித்த சிலை. சவத்துணி போர்த்திய டன் அதில் எது மேலே நிற்கிறார் தெரியுமா?

ஒரு கலசத்து மேலே.