மலைவீதிக்கு ஓர் எஸ்டேட் கார்

எஸ்டேட் கார் என்றதும் நம் மலையக மாணவர் தோட்டத்துரையின் மோட்டாரையே நினைப்பர். பெயர் பிறந்ததோ இங்கிலாந்தில். நாட்டுப்புற மாளிகைகளுக்கு விருந்தினரையும் பெட்டிகளையும் ஏற்றிச் செல்லும் நீண்ட வண்டி அது. 1953இல் வெளிவந்த மொறிஸ் மைனர் டிராவலரின் பின்புறம் மரச்சட்டத்தால் ஆனது. அழகுதான், ஆயினும் கூண்டைத் தாங்குவதும் அச்சட்டமே. நுவரெலியா ஈரத்தில் அது உளுத்தால் செலவுக்கு எல்லை இராது.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி தடைப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடையில் பழைய வண்டிகளின் விலை ஏறியதை யாவரும் அறிவர். ஆசிரியக் குடும்பமொன்றின் சேமிப்பு முழுவதும் ஒரே வண்டியில் போகும்போது பூச்சின் பளபளப்பில் மயங்கலாமா?

அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹற்றன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-7 வீதியே நமக்கு நல்ல பரீட்சகர். ஏறுகையில் எஞ்சினின் சூட்டையும் இறங்குகையில் பிரேக்கையும் கவனிக்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குவது முறை. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடி தளரும்.

பல வேகன்களின் பின்வில்லுகள் பாரம் சுமக்கவென்றே கடினமாக அமைந்தவை. வெறுமையாக ஓட்டினால் துள்ளும். ஆகவே பாட்டியையும் பிள்ளைகளையும் ஏற்றியே ஓட்டிப் பார்ப்போம். (பாட்டி முகம் சுளித்தால் வியாபாரம் இல்லை!) தலவாக்கலைக்கு அருகே, சென் கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்துவோம். பிள்ளைகள் அருவியைப் பார்க்கட்டும். நாம் குனிந்து, வண்டிக்கடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்ப்போம்.