கேஸ் போடுவதற்கு முன்னால்

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. உங்கம்மா சரியாகச் சாப்பிடவில்லையாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சேர்ந்திருக்க முடியாது என்று கணவன் மனைவி இரண்டு பேருமே சொல்லிவிட்டீர்கள். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் உன் அண்ணன் 'கேஸ் போட்டு ஒரு கை பார்த்துவிடலாம்' என்கிறானே, அதற்கு அவசரப்படாதே. குடும்பநல நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து கேஸ் கட்டுகளைப் புரட்டியவன் சொல்கிறேன். ஒருவர் மட்டும் விவாகரத்து கேட்டால் காரணம் காட்ட வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் சட்டத்துக்குப் போதாது. அதனால் 'கொடுமை' என்று எழுதுவார்கள். தலை தீபாவளிக்கு மாமியார் என்ன சொன்னார் என்பது வரைக்கும் வக்கீல் கேட்டுக் கேட்டு எழுதுவார். பதிலுக்கு எதிர்மனுவில் உன் நடத்தையை இழுப்பார்கள். கூண்டில் நின்று நீ அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பிறகு வாய்தா மேல் வாய்தா.

அப்பாவைப் பார்க்கக் கோர்ட் வளாகத்துக்குக் கூட்டிவரும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். பிஸ்கட் பாக்கெட்டோடு அவர் குனிந்து கூப்பிடுவார். பிள்ளை பாட்டியின் முந்தானையை விடாது. கொடுத்த நேரம் அதிலேயே போய்விடும்.

அதற்குப் பதில் சமரச மையத்தில் பேசிப் பார். அங்கே போனால் திரும்பச் சேர்த்து வைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறாய். அது ஊர்ப் பஞ்சாயத்து இல்லை. நீங்கள் இரண்டு பேர், வேண்டுமானால் வக்கீல்கள், பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் ஒருவர். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் (இன்னும் அப்படித்தான் வாயில் வருகிறது) தனித்தனியாகப் பேசுவார். ரகசியமென்று நீ சொன்னதை அந்தப் பக்கம் சொல்லக் கூடாது. ஒத்துவராவிட்டால் 'சமரசம் ஏற்படவில்லை' என்பதுதான் நீதிபதிக்குப் போகும். பேசியதைச் சாட்சியமாக்க முடியாது. நாட்டிலேயே நீதிமன்றத்தோடு சேர்ந்த முதல் சமரச மையம் 2005-ல் உங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் வந்தது. அங்கே மத்தியஸ்தருக்கு நீ ஃபீஸ் தர வேண்டாம். கேஸ் போடாமலே பேச வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்.

அடி உதை என்று ஏதாவது இருந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். நானே உன்னை மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போயிருப்பேன்.

நீங்கள் பிரிந்து ஒன்றரை வருஷம் தாண்டிவிட்டது. பேசி முடித்துவிட்டால் பரஸ்பர சம்மத மனுதான். யார்மேலும் எந்தக் குற்றமும் எழுத வேண்டாம். அதற்குள்ள ஆறு மாதக் காத்திருப்பையும் உங்களைப் போன்றவர்களுக்கு நீதிமன்றம் விலக்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு வராதே. கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் மல்லுக்கு நிற்கிறவர்கள் உண்டு, அது போகட்டும். நகையை 'பெண் வீட்டு நகைகள்' என்று மொத்தமாக எழுத விடாதே. ஆரம், வளையல், ஒட்டியாணம் என்று ஒவ்வொன்றும் கிராமோடு வர வேண்டும். ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவது, கோடை லீவில் குழந்தை எங்கே, பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து, இதெல்லாமும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஜீவனாம்சம் மொத்தமாகவா மாதாமாதமா என்பதை உன் வக்கீலைக் கேட்டு முடிவு செய். அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொன்னால், வீட்டில் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்.

நகை லிஸ்டை இப்போதே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. நான் சீராகப் போட்ட இரட்டை வடச் சங்கிலியை மறந்துவிடாதே. உன் அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா